தளபதியின் வாய்மொழி உத்தரவு

ஒன்பது ஆண்டுகள் நான் ஒரு கடற்படை அதிகாரியின் வாழ்க்கையை எழுதினேன். அவர் பணியாற்றிய கடலில் நீர் கிடையாது. விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியைத்தான் அவருடைய பேரரசு கடல் என்று அழைத்தது. இப்போது நின்றுபோன ஒரு சிறு மாத இதழில், புனைபெயரில், அது தொடராக வந்தது. நான் நீர்ப்பாசனத் துறையில் பொறியாளன். பள்ளி ஆய்வாளரின் மகன். கும்பகோணத்து இலக்கிய மன்றங்களில் தலைமையுரை ஆற்ற அழைக்கப்பட்டவன். அப்படிப்பட்டவன் விண்வெளிக் கதை எழுதுகிறான் என்று தெரிந்தால் ஊர் எவ்வாறு சிரிக்கும் என்பதை நான் அறிவேன். என் மனைவிக்குக்கூட அதைச் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு ஒரு பதிப்பாளர் எப்படியோ என்னைக் கண்டுபிடித்து வந்தார். தொடரை நூலாக, என் சொந்தப் பெயரில் வெளியிட வேண்டும் என்றார். தளபதி தன் கீழ்ப்பணியாளனின் குற்றத்தை மன்னிக்கும் அத்தியாயத்தைப் பலர் இன்னும் நினைவில் வைத்திருப்பதாகவும், அதற்காகவே நூலைக் கொண்டுவரலாம் என்றும் பாராட்டினார். அந்த அத்தியாயம் உயிரோடிருந்த ஒரு மனிதரின் நற்பெயரை அவருடைய மாமனார் ஊரில் மீளவே விடவில்லை என்பதை அவருக்கு நான் அப்போது சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

நான் உதவிப் பொறியாளராக இருந்த பிரிவு நீடாமங்கலத்துக்குக் கிழக்கே இருந்தது. ஆற்றின் குறுக்கே நீரை அடைத்துத் திறக்கும் ஒரு பழைய ரெகுலேட்டர். அதன் ஷட்டர்களை ஏற்றி இறக்க லஸ்கர் என்ற கடைநிலைப் பணியாளர் ஒருவர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். அவரை அந்நாளில் ஒருமையில்தான் அழைத்தேன். இன்று பன்மையில் எழுதுகிறேன். இளமையில் கோடியக்கரைப் பக்கம் விசைப்படகுகளில் சில ஆண்டுகள் கூலிக்குப் போனவர். நாள்தோறும் காலை ஆறு மணிக்கு நீர்மட்டத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். மாதம் ஒருமுறை என் தபால் உறையை மிதிவண்டியில் எடுத்துச் சென்று அஞ்சலில் சேர்ப்பார். உள்ளே இருப்பது அலுவலகக் கடிதம் என்று நான் சொல்லியிருந்தேன்.

ஒரு ஐப்பசி மழையில் உறை நனைந்து கிழிந்துவிட்டது. தாள்களை ஒவ்வொன்றாகத் தன் குடியிருப்பின் கொடிக்கயிற்றில் காயவைத்து, மறுநாள் அடுக்கிக் கொண்டுவந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க ஐயா. காயவைக்கிறப்ப கண்ணுல பட்டுடுச்சு."

"எவ்வளவு படிச்ச?"

"முழுசாத்தாங்க. ஒண்ணு கேக்கலாங்களா? தளபதி தனியா உக்காந்து சாப்புடுறாரு, சரி. வெளிய பசங்க அவரப் பத்தி என்ன பேசிக்கிறாங்கன்னு எழுதவே இல்லியே?"

"என்ன பேசுவாங்க?"

"அத ஐயாகிட்ட எப்படிங்க சொல்றது?" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு அத்தியாயத்தையும் அஞ்சலில் சேர்க்கும் முன் அவர் படித்தார். அவர் சொன்ன திருத்தங்களை நான் ஏற்றேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. காற்றைப் பார்க்காமல் கடியாரத்தைப் பார்ப்பவன் கலம் ஓட்ட மாட்டான் என்றார். தளபதி தன் கடியாரத்தைக் கழற்றி வைத்தார். நடுக்கடலில் ஒருவன் தவறி விழுந்தால் அன்றைக்கு அவன் பெயரைப் படகில் யாரும் உச்சரிக்க மாட்டார்கள் என்றார். அதுவும் கதையில் சேர்ந்தது.

என் தளபதி பதினேழு வயதில் படையில் சேர்ந்தவர். பேரரசரை ஒருநாளும் நேரில் கண்டதில்லை. தாய்க்கு அவர் எழுதும் கடிதம் போய்ச்சேர ஆறு ஆண்டுகள் ஆகும். ஒருமுறை பதில் வந்தபோது அதை எழுதியவள் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய பேரரசு விண்மீன்களின் வெப்பத்தை ஒளிவாய்க்கால்கள் வழியாகத் தொலைதூர உலகங்களுக்கு முறைவைத்து அனுப்பியது. வாய்க்கால்களின் கதவுகளைக் காப்பதே கடற்படையின் வேலை. எனக்குத் தெரிந்த பேரரசு அது ஒன்றுதான். அந்தக் கதவை ஏற்றி இறக்கும் பணியாளனுக்கு வாயில்காவலன் என்று பெயரிட்டேன்.

"இது நான்தானுங்களே ஐயா?" என்று லஸ்கர் கேட்டார். நான் மறுக்கவில்லை.

"எம் மச்சானுக்கு மாசாமாசம் புஸ்தகத்த அனுப்பிடுறேன். இதுல வர்ற வாயில்காரன் நான்தான்டான்னு சொல்லி வச்சிருக்கேன். மாமனார் ஊர்ல இப்ப நமக்குத் தனி மரியாதங்க! எழுதுறது யாருன்னு மட்டும் மூச்சு விடல."

அவருடைய மாமனார் ஊர் எங்கள் ஆற்றின் கடைமடையில் இருந்தது. எல்லா ஊர்களுக்கும் பாய்ந்த பிறகு, மிச்சமிருந்தால் மட்டும் தண்ணீர் போய்ச்சேரும் இடம்.

பிறகு மழை பொய்த்த ஓர் ஆண்டு வந்தது. அணையிலிருந்து வரும் நீரைத் தலைமடைக்கு ஆறு நாள், கடைமடைக்கு ஆறு நாள் என்று முறைவைத்துக் கொடுத்தோம். கடைமடையில் சம்பா அப்போது தொண்டைக் கதிராக நின்றது. கதிர் தோகைக்குள் உருண்டு வெளிவரக் காத்திருக்கும் பருவம் அது. அப்போது நீர் இல்லையென்றால் வருவது கதிராக இராது. மணி பிடிக்காத வெறும் சாவியாக, பதராக இருக்கும்.

என் மகளுக்கு அந்த ஆண்டுதான் திருமணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் தந்தைக்குத் தலைமடையில் நிலம். ஒரு காலை என் வீட்டுக்கு வந்து, காபி அருந்திவிட்டு, போகிறபோக்கில் சொல்வதுபோல் சொன்னார்: "சம்பந்தி, நம்ம பக்கம் இன்னும் ரெண்டு நாள் நின்னா நல்லாருக்கும். உங்களால ஆகாததா?"

ஆகாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று காலை ரெகுலேட்டருக்குப் போனேன். கடைமடைக்கான ஷட்டர்களை லஸ்கர் அப்போதுதான் ஏற்றியிருந்தார்.

"ரெண்டு நாளைக்கு இறக்கி வைப்பா."

அவர் ஷட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னைக்கு அவங்க முறைங்க ஐயா. எங்க மாமனார் ஊரு வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கிறாங்க."

"தெரியும். ரெண்டு நாள்தான்."

"பதிவேட்டுல ஐயா சொன்னதா எழுதிடட்டுங்களா?"

"வேண்டாம்."

அவர் இறக்கினார். இறக்கிய நேரத்தை மட்டும் பதிவேட்டில் எழுதினார். யார் சொல்லி என்று எழுதவில்லை. வாய்மொழி உத்தரவை எழுத்தில் ஏற்றி அதிகாரியைச் சிக்கவைக்கக் கூடாது என்பது எங்கள் துறையில் யாரும் கற்பிக்காமலே எல்லோரும் கற்றுக்கொண்ட ஒழுக்கம்.

இரண்டாம் நாள் மாலை அணையிலிருந்து வரும் நீர் குறைக்கப்பட்டது. மூன்றாம் நாள் ஷட்டரை ஏற்றியபோது ஆற்றில் முழங்காலளவு நீர்கூட இல்லை. கடைமடைக்கு அந்த முறை தண்ணீர் போகவே இல்லை. அதற்கு அடுத்த முறை என்று ஒன்று வரவும் இல்லை. பயிர் சாவியாகப் போனது. மக்கள் சாலையில் அமர்ந்து மறித்தார்கள். விசாரணைக்கு உத்தரவாயிற்று.

பயணியர் மாளிகையில் என் மேலதிகாரி விசாரித்தார். பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்னிடம் முதலில் கேட்டார். "எழுத்துமூலமான உத்தரவு எதையும் நான் வழங்கவில்லை" என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. என் வாழ்நாளில் நான் கட்டிய வாக்கியங்களிலேயே மிகக் கவனமாகக் கட்டியது அதுதான்.

மேலதிகாரி லஸ்கர் பக்கம் திரும்பினார். "வாயால யாராவது சொன்னாங்களா?"

லஸ்கர் என் முகத்தைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன்.

"இல்லீங்க. நானாத்தான் எறக்குனேன். ஆகாயத்தாமரை அடைஞ்சுக்கிட்டு நின்னுச்சு. ஷட்டர் போயிடும்னு பயந்துட்டேன்."

அன்றே அவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். தலைமடைக்காரர்களிடம் கைநீட்டிக் காசு வாங்கிவிட்டு, பெண் கொடுத்த ஊரையே காயப்போட்டான் என்று கடைமடையில் பேசினார்கள். அவருடைய மனைவியின் தம்பியான அந்த மச்சான் ஆள்மூலம் சொல்லியனுப்பினாராம்: இனி அந்த வாசலில் எங்கள் கால் படாது.

ஒரு மாதம் கழித்து அவர் என் வீட்டுக்கு வந்தார். வேலையைத் திரும்ப வாங்கித் தரும்படி கேட்பார் என்று எண்ணி அதற்கான பதிலை ஆயத்தமாக வைத்திருந்தேன். அவர் வேலையைப் பற்றிப் பேசவே இல்லை.

"ஐயா, கதையில அந்தக் கதவை எறக்குற எடம் வருதுங்களா?"

"வரலாம்."

"வந்தா, தளபதி வாயால சொல்லித்தான் வாயில்காரன் எறக்குனான்னு எழுதிடுங்க. போதும். எம் மச்சான் இன்னமும் அந்தப் புஸ்தகத்தப் படிக்கிறானாம். என்னைய வீட்டுக்குள்ள விட மாட்டான், ஆனா கதைய விடல பாருங்க." சிரிக்க முயன்றார். "அவன் புரிஞ்சுக்குவான். வேற யாருக்கும் ஒண்ணும் தெரியாது. ஐயா பேரும் வெளிய வராது."

பார்க்கலாம் என்றேன்.

அந்த அத்தியாயத்தை இருமுறை எழுதினேன். முதலில் அவர் கேட்டபடியே எழுதினேன், நன்றாகவே வந்தது. பிறகு யோசித்தேன். வாயில்காவலன் யார் என்று அறிந்த மச்சான், தளபதி யார் என்றும் அறிந்துகொள்வான். அது கடைமடையிலிருந்து தலைமடைக்கு வர எத்தனை நாள் ஆகும்? திருமணத்துக்கு மூன்று வாரங்கள் இருந்தன. அந்தத் தாள்களை ஒரு கோப்பில் மடித்து வைத்துவிட்டு வேறு அத்தியாயம் எழுதினேன். அதில் வாயில்காவலன் அச்சத்தால் தானாகவே கதவை இறக்குகிறான். தொலைதூர உலகம் ஒன்று குளிரில் உறைந்து சாகிறது. தளபதி பெருந்தன்மையோடு அவனை மன்னிக்கிறார். தொடருக்கு அதுவரை வராத அளவில் வாசகர் கடிதங்கள் வந்தன. அந்த மாதம் தபால் உறையை நானே அஞ்சலில் சேர்த்தேன்.

லஸ்கர் அதைப் படித்தாரா என்று நான் கேட்டதில்லை. ஓராண்டுக்குள் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டு வேறு பிரிவுக்குப் போனார். வழியில் கண்டால் கும்பிடுவார். அவ்வளவுதான். அவருடைய மனைவி தன் தம்பி மகளின் திருமணத்துக்கு அழைக்கப்படவில்லை என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

அவர் ஓய்வு பெற்ற மறு ஆண்டு நெஞ்சுவலியில் இறந்தார். குடவாசலுக்கு அருகே அவர் வீடு. காரில் போயிருந்தேன், முன்னாள் அதிகாரி என்பதால் நிழலில் நாற்காலி போட்டு அமர்த்தினார்கள். குளிப்பாட்டி, எல்லாம் முடித்து, காத்திருந்தார்கள். கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடித் துணி வர வேண்டும். அது வராமல் தூக்குவது வழக்கமில்லை. பிற்பகல் மூன்று மணி ஆயிற்று.

"பொறந்த வீட்டுக் கோடி யாருப்பா? பொழுது சாஞ்சுக்கிட்டே போவுது" என்று சடங்கு செய்பவர் குரல் கொடுத்தார்.

"ஆளு போய்ட்டு வந்துட்டாங்க" என்று கூட்டத்தில் ஒருவர் தணிந்து சொன்னார். "தண்ணிய அடைச்சவன் வீட்டுக்கு எங்க துணி எதுக்குன்னுட்டாங்களாம்."

அந்த ஊர் அங்கிருந்து அரை மணி நேரப் பயணம். என் கார் வாசலில் நின்றது. நான் போய் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவர்கள் வந்திருப்பார்கள். என் பேரன் அப்போது கைக்குழந்தை. சம்பந்தியும் உயிரோடு இருந்தார். எழுந்து நின்றேன், மீண்டும் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கடையிலிருந்து ஒரு சேலை வாங்கிவந்து கொடுத்தார். அதைத் தன்மேல் போர்த்தும்போது அந்த அம்மாள் அழவில்லை. தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தூக்கினார்கள்.

பதிப்பாளர் வந்துபோன பின், அச்சாகாத அந்த முதல் அத்தியாயத்தைத் தேடி எடுத்தேன். நூல் என் பெயரில் வரட்டும், இந்த அத்தியாயம் அதற்குரிய இடத்தில் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். ஆனால் அச்சில் வருவதற்கு முன் அதைப் பார்க்க வேண்டியவர் ஒருவர் இருந்தார். தை மாதத்தில் கடைமடைக்குப் போனேன். சம்பந்தி இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதையும் நேர்மைக்காகச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மச்சானுக்கு இப்போது அறுபதுக்கு மேல். தார்ச்சாலையில் நெல்லைப் பரப்பி, வெறுங்காலால் துழாவிக் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. சொன்ன பிறகு தெரிந்தது. தாள்களை நீட்டினேன்.

"என்னங்க இது?"

"அந்த வாயில்காவலன் தொடர எழுதுனது நான்தான். இது அதுல வராத அத்தியாயம். உங்க மாமா எழுதச் சொன்னது."

அவர் கை நீட்டவில்லை. "கண்ணாடி வீட்டுல இருக்கு. வாயால சொல்லுங்க."

சொன்னேன். யார் இறக்கச் சொன்னது, யாருக்காக, விசாரணையில் நான் கட்டிய வாக்கியம், அவர் கேட்டது, நான் எழுதியது. சொல்லி முடிக்கும்வரை அவர் கால் நெல்லில் நடந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றது.

"மாமா ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"தெரியல."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னுதான் நினைக்கிறேன்."

இத்தனை ஆண்டுகளாக அக்காளோடு அவருக்குப் பேச்சில்லை, அவளுடைய கைபேசி எண்ணும் இல்லை. சாலையோரத்து வீட்டுக்குள் இருந்த மகளைக் கூப்பிட்டு எண் கேட்டு, அங்கேயே நின்று அழைத்தார்.

"அக்கா. நான்தான்."

எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது. "யாருடா செத்தா?"

"யாரும் சாவல" என்றார். கைபேசியை என்னிடம் நீட்டினார்.

நான் யார் என்று சொல்லி, எல்லாவற்றையும் மறுபடியும் சொன்னேன். முடித்தபோது அந்த அம்மாள் தணிந்த குரலில் சொன்னார்:

"தெரியுங்க. அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு. எங்க ஆளுங்ககிட்ட வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. நீ சொன்னா புருசனுக்கு வக்காலத்துன்னுவாங்க, ஐயா சொல்லுவாரு பாருன்னாரு. சாவுற வரைக்கும் அதத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு. கோடி இல்லாமத் தூக்குனப்ப நீங்களும் அங்கதான இருந்தீங்க? வச்சிடுங்க."

கைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன்.

"அக்கா என்னங்க சொல்லிச்சு?"

கேட்டதை ஒரு சொல்லும் விடாமல் அவரிடம் சொன்னேன்.

"கோடியச் சொல்லிச்சா?"

"சொன்னாங்க."

அவர் பரப்பியிருந்த நெல்லின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.