கோழிப் பண்ணைக்கே என்னைத் திருப்பி அனுப்பிய அந்தோணியார்

அன்பியக் கூட்டத்துக்கு வந்திருக்கற மக்களே, ஆண்டவர் எனக்குச் செஞ்சதைச் சொல்லத்தான் வந்து நிக்கிறேனுங்க. ஆனா சந்தோசமா ஆரம்பிக்க முடியல. போன வருசம் இதே தவக்காலத்துல, என்னைய எடுத்துக்கோன்னுதான் செபிச்சுட்டு இருந்தேன்.

நாமக்கல்ல ஒரு ஆஸ்பத்திரியில நான் நர்ஸா இருந்தேன். அதுக்கு முந்தி எருமப்பட்டிப் பக்கம் கோழிப் பண்ணைகள்ல மருந்து போடற கேங்குல வேலை. பண்ணை பண்ணையா வேன்ல போவோம். குஞ்சைப் பிடிச்சுக் கண்ணுல சொட்டு மருந்து விடுவோம். அங்கிருந்து நர்சிங் படிச்சு வந்தவ. வெள்ளை உடுப்போட முதமுதல்ல கோயிலுக்கு வந்த அன்னைக்கு, 'இது வேலை இல்லம்மா, ஊழியம்'னு நீங்க எல்லாருந்தான் சொன்னீங்க. எங்கம்மா அன்னைக்கு முழுக்க சந்தோசத்துல அழுதுச்சு.

ஐப்பசி மழையில காய்ச்சல் வார்டு ரொம்பிப் போச்சு. சேந்தமங்கலத்துல இருந்து ஒரு பெரியவரு வந்திருந்தாரு. ஊசி போட நரம்பு கெடைக்கல. குத்தறேன், எடுக்கறேன், மறுக்கா குத்தறேன். 'வலிக்குது சாமி'ன்னாரு. அவ்வளவுதான். கைய நான் பிடிச்சிருக்கும்போதே போயிட்டாரு. டாக்டரு வந்து பாத்துட்டு, இருதயம் நின்னுருச்சு, உன் மேல தப்பில்லன்னாரு. பெரியவரோட மகளும் என்னையக் கோவிச்சுக்கல. கோவிச்சிருந்தாக்கூடத் தேவலைங்க.

அதுல இருந்து ஊசியத் தொட்டாலே கை நடுங்கும். கூட இருந்த புள்ளைங்க எனக்குப் பதிலா ஊசி போட்டாங்க. எத்தனை நாளைக்குப் போடுவாங்க? தூக்கம் போச்சு. சோறு எறங்கல. பஸ்ஸுல ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்தா எறங்க முடியாம அழுவேன். விட்டுடலாம்னா அதுக்கும் பயம். ஊழியத்தை விட்டா ஆண்டவரையே விட்டதா ஆகிடுமேன்னு நெனச்சேன். இருந்தாலும் செத்தேன், போனாலும் செத்தேன்.

ஒரு செவ்வாக்கிழமை கோயில்ல நவநாள் செபத்துல முட்டி போட்டு, 'அந்தோணியாரே, இந்த ஆஸ்பத்திரியிலயே நான் நெலச்சு நிக்கணும், கை நடுக்கம் போகணும், உமக்கு ஒரு கோழி தாரேன்'னு நேர்ந்துக்கிட்டேன். அம்மா ஒரு நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கிட்டு வந்து கால்ல சிவப்பு நூல் கட்டி விட்டுச்சு. கோழி வளந்துது. நடுக்கமும் வளந்துது. பதிலே இல்லைங்க. செவுத்துக்கிட்டப் பேசற மாதிரி இருந்துச்சு.

மாசி முடியறப்ப வேலைய விட்டுட்டேன். அதோட நிம்மதியாயிட்டேன்னு நெனைக்காதீங்க. வெக்கம். பாய விட்டு எந்திரிக்கல. யாரு கதவைத் தட்டினாலும் மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிக்குவேன்.

பழைய கேங்கு சரோசாக்கா கேள்விப்பட்டு வந்துச்சு. ஆறுதலெல்லாம் சொல்லல. 'ஆள் பத்தல, வாரியா?'ன்னு கேட்டுச்சு. அம்மா பொங்கிருச்சு. 'வெள்ளை உடுப்புப் போட்ட புள்ள மறுக்கா கோழிப் பீக்குள்ள போறதா?' நான் வாரேன்னேன். இப்படிக் கெடக்கறதுக்கு அது தேவலைன்னு தோணுச்சு, வேற ஒண்ணுமில்ல.

போறப்ப அக்கா வாசல்ல மேஞ்ச கோழியப் பாத்துது. 'இது ஆகாதே கண்ணு. ஊட்ல கோழி வளத்தா பண்ணைக்குள்ள உட மாட்டாங்க, நோய் தொத்தும்'னுச்சு. உங்களுக்கே தெரியும், நேர்ந்துவிட்ட கோழிய விக்கவும் முடியாது, அறுத்துத் திங்கவும் முடியாது. கேட்டது கெடைச்சாத்தான் கோயில்ல விடணும். கெடைக்காமயே கொண்டு போறது சாமிய ஏமாத்தறதுன்னு அம்மா கத்துச்சு. எனக்கு வேற வழியில்ல. செவ்வாக்கிழமை கோழியத் தூக்கிட்டுப் போயி கோயில்ல அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால விட்டேன். 'நீர் எனக்கு ஒண்ணும் செய்யல. நான் செஞ்சுட்டேன். இனி என்னையக் கேக்காதேயும்'னேன். அத்தனை கோவம். நன்றிக் காணிக்கைய வசவோட குடுத்தவ இந்தப் பங்குல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

மறுநாள் வேன் ஏறினேன். பண்ணைக் கேட்ல மருந்துத் தண்ணியில காலை நனைச்சுட்டு உள்ள போனோம். பிடிச்சுக் குடுத்த குஞ்சை வாங்குனேன், கண்ணுல சொட்டு விட்டேன், எறக்கி விட்டேன். அடுத்தது. அடுத்தது. டீ வந்தப்ப அக்கா டம்ளரை நீட்டுச்சு. வாங்குனேன். சிந்தல. அப்பத்தான் கவனிச்சேன், கை நடுங்கவே இல்ல. ஷெட்டுன்னும் பாக்காம அங்கயே உக்காந்து அழுதேன். நடுக்கம் போகணும்னு கேட்டேன், போச்சு. ஆஸ்பத்திரியிலதான் நிக்கணும்னு எடத்தைச் சேத்துச் சொன்னது நான். எடத்தை அவரு பாத்துக்கிட்டாரு.

இப்பவும் அந்த கேங்குலதான் இருக்கேன். அம்மாவுக்கு இன்னும் மனசு ஆறல, சொந்தக்காரங்க கேட்டா பேச்சை மாத்திருது. அந்தப் பெரியவரு முகமும் போகல. போகாதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா என்னைய எடுத்துக்கோன்னு இப்பக் கேக்கறதில்ல. அதுக்கே ஆண்டவருக்குக் கோடி நன்றி சொல்லணும்.

உங்கள்ல யாராச்சும் ஊழியம்னு நெனச்சு ஒரு எடத்துல தெனமும் செத்துட்டு இருந்தீங்கன்னா, அந்தோணியாருகிட்டப் போங்க. கோவம் வந்தா கோவத்தோடயே போங்க, அவரு தாங்கிக்குவாரு. உங்களை எங்க வைக்கணும்கிறதை மட்டும் அவருகிட்ட விட்டுடுங்க. அழுகை நின்னுரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். நான் இன்னும் அழறேனுங்க. அழுதுட்டுத் தூங்கிடறேன்.