கத்தரிக்காய் நோட்டு

நாலு மணி முப்பத்தைந்து நிமிடம். டெலிபோன் அறைக் கடிகாரம் அதைத்தான் காட்டியது. வேறு எங்கும் பார்க்கத் துணிவில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்ததால் நன்றாக நினைவிருக்கிறது. சூப்பர்வைசர் அம்மாள் என் துணிப்பையைச் சற்று நகர்த்தினாள். அதிலிருந்து நோட்டு நழுவி அவள் காலடியில் விழுந்தது. எடுத்தாள், பிரித்தாள், நின்றபடியே இரண்டு பக்கம் படித்தாள். நோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

இதெல்லாம் யுத்த காலத்துக் கதை. இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாமல்தான் இருந்தேன். நேற்றுச் சாயங்காலம் என் மகள் கூடத்தில் உட்கார்ந்து என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஆங்கில வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார், யாரிடம், எந்த நேரத்தில் என்று குறிப்பு.

"என்னடி இது?"

"எங்க டீச்சர் பேசறதும்மா. 'லுக்'குக்குப் பின்னாடி ஒரு சின்ன வார்த்தை மாறினா அர்த்தமே மாறிடுது. பட்டியல் போட்டு உருப்போட்டா மறந்துடறேன். யார் எதுக்குச் சொன்னாங்கன்னு எழுதி வெச்சா மறக்கல."

நோட்டை வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன். அவள் கோபிக்கக்கூட இல்லை. "ஏம்மா, என்ன ஆச்சு?" என்றுதான் கேட்டாள். அவளிடம் சொல்வதற்கு முன்னால், உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

அப்பா இறந்த வருஷம் எனக்கு ராணுவ டெலிபோன் அறையில் வேலை கிடைத்தது. மேனாம்பேட்டு வீட்டில் அம்மாவும் இரண்டு தம்பிகளும் என் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார்கள். காலையில் அம்பத்தூரில் ரயிலேறி ஆவடியில் இறங்குவேன். ராணுவக் கிடங்குகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஓர் அறை, அதில் அழைப்புகளை இணைத்துவிடும் ஒரு ஸ்விட்ச்போர்டு. காதில் மாட்டும் கருவியில் எனக்கு முன்னால் வேலை பார்த்தவளின் தேங்காயெண்ணெய் வாசனை போகவே இல்லை. இப்போதும் யாராவது தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தால் என் காதுக்குள் வெள்ளைக்காரக் குரல்கள் கேட்கத் தொடங்கிவிடும்.

மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்தவள்தான். பரிசு கூட வாங்கியிருக்கிறேன். அந்தப் பெருமை முதல் நாள் காலை பத்து மணி வரை இருந்தது. பத்து மணிக்கு ஒருவர், கொஞ்சம் காத்திரு என்பதற்கு, 'ஹோல்ட் ஆன்' என்றார். 'ஹோல்ட்' என்றால் பிடி. எதைப் பிடிப்பது? நான் ஸ்விட்ச்போர்டின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் திரும்பி வந்து பேசும்வரை விடவில்லை.

அன்றைக்குத்தான் நோட்டு தைத்தேன். காகிதத்துக்குத் தட்டுப்பாடு. ஒரு பக்கம் அச்சடித்த பழைய படிவங்களை மடித்து, நூல் கோத்துத் தைத்தது.

இணைப்புக் கொடுத்ததும், பேச்சு நம் காதில் விழவைக்கும் சாவியை மூடிவிட வேண்டும், மேற்கொண்டு கேட்கக் கூடாது என்பது விதி. நான் ஒரே ஒரு வாக்கியம் தாமதமாக மூடுவேன். திருட்டுத்தான். ஆனால் என்ன ருசியான திருட்டு! 'லுக் ஃபார்' சொல்கிறவர் எப்போதும் எரிச்சலில் இருப்பார், எதையோ தொலைத்திருப்பார். கவனித்துக்கொள்ளச் சொல்லும் 'லுக் ஆஃப்டர்' வரும்போது அதே குரல் இளகிவிடும். விசாரிக்கிறேன் என்று யாராவது 'லுக் இன்டு' சொன்னால், அடுத்த வாரம் வரை ஒன்றும் நடக்காது என்று தெரிந்துகொள்ளலாம். 'ரன் அவுட் ஆஃப்' காலை நேரத்துக்கு உரியது: பெட்ரோல், காகிதம், சர்க்கரை எல்லாம் காலையில்தான் தீர்ந்துபோகும். ஒரு லெப்டினன்ட் செவ்வாய்க்கிழமை தோறும் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு, தன் மனைவி 'கெட்டிங் ஓவர் இட்'டா, அதாவது தேறிவருகிறாளா, என்று கேட்பார். காய்ச்சலை இவர்கள் சுவர் ஏறிக் குதிப்பது போலத் தாண்டுகிறார்களே என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

எல்லோரையும்விட அதிகம் பேசியவர் கிடங்குகளின் குவார்ட்டர்மாஸ்டர், சாமான்களை அனுப்பிவைக்கும் அதிகாரி. இடி போன்ற குரல். நோட்டில் பாதி அவர் பேச்சுத்தான். ஆளைப் பார்த்ததில்லை, ஆறடிக்குக் குறையாது என்று நானாக முடிவு செய்திருந்தேன்.

இங்கேதான் நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். ராணுவ ரகசியத்தை எழுதி வைக்கக் கூடாது, அந்த அளவுக்கு எனக்கும் புத்தி இருந்தது. எனக்கு வேண்டியது வினைச்சொல்லும் அதன் பின்னால் வரும் சின்னச் சொல்லும்தான். அனுப்புகிற பொருள் எதுவானால் என்ன? அதனால் பொருள்களுக்குப் பதிலாகக் காய்கறி எழுதினேன். பூட்ஸ் என்றால் கத்தரிக்காய். லாரி என்றால் பூசணிக்காய். ஊர்ப் பெயர் வந்தால் சித்தி வீடு, மாமா வீடு. நேரத்தையும் கிழமையையும் மட்டும் அப்படியே விட்டேன். எந்த வேளையில் எப்படிப் பேசுகிறார்கள் என்பது முக்கியம் அல்லவா?

ஒரு குறிப்பைத் தமிழில் தருகிறேன், நீங்களே படித்துப் பாருங்கள். 'காலை 10.40. நானூறு பெட்டி கத்தரிக்காய் வியாழக்கிழமை சித்தி வீட்டுக்குப் புறப்படும். மூன்று பூசணிக்காய் போதாது.'

சூப்பர்வைசர் அம்மாள் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்த பாதுகாப்புக் கேப்டன் என்னை எதிரே நிறுத்தி அதை மூன்று முறை படித்தார்.

"கத்தரிக்காய் என்றால் என்ன?"

"எதுவாகவும் இருக்கலாம், சார். அது முக்கியமில்லை."

"எதுவாகவும் இருக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே எழுதிக்கொண்டார். "இந்தச் சித்தி எந்த ஊரில் இருக்கிறாள்?"

பொய் சொல்லிப் பழக்கமில்லை. "திருமழிசை, சார்" என்றேன். எனக்கு உண்மையிலேயே அங்கே ஒரு சித்தி இருந்தாள். அவர் அதையும் எழுதிக்கொண்டார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சித்தி வீட்டு வாசலில் ராணுவ ஜீப் போய் நிற்கும். எனக்கு ஜெயில். தம்பிகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. வேவு பார்த்தவள் வீடு என்று எங்கள் தெருவில் அம்மாவுக்குத் தண்ணீர் எடுக்கக்கூட வழி இருக்காது.

அந்த வாக்கியங்கள் குவார்ட்டர்மாஸ்டருடையவை, அவரையே கேளுங்கள் என்று அழுதேன். அவர் பட்டணத்துக்குப் போயிருந்தார். வந்ததும் இங்கே வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். என்னைப் பக்கத்து அறையில் உட்கார வைத்தார்கள்.

பெருக்குகிற எல்லம்மா, பருத்திப்பட்டுக்காரி, ஒரு குவளைத் தண்ணீரோடு வந்தாள்.

"இன்னா கண்ணு, கத்திரிக்கா கணக்கு எய்திகினு இருந்தியாமே? கேம்ப் பூரா அதே பேச்சா கீது."

"கணக்கு இல்லக்கா. இங்கிலீஷ் கத்துக்க எழுதினேன்."

"அதுக்கு இன்னாத்துக்கு வெள்ளக்காரன் பேச்ச ஒட்டுக் கேக்கணும்? என்னாண்ட கேட்டிருந்தா நான் சொல்லிக் குடுக்க மாட்டேன்? கம்மு, கோவு, கெட்டவுட்டு. மூணே மூணு. பத்து வருசமா அத வெச்சுத்தான் குப்ப கொட்டிகினு கீறேன்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "அயாதே. தண்ணியக் குடி. உங்க ஊட்டுக்கு நான் ஆள் அனுப்பிச்சிட்டேன். வேல ஜாஸ்தி, லேட்டாவும்னு மட்டும் சொல்லச் சொன்னேன்."

அந்த டெலிபோன் அறை இப்போது இல்லை. போன வருஷம் அந்தப் பக்கம் போனபோது தேடினேன். புதுக் கட்டடங்கள், புது வேலி, உள்ளே விடவில்லை. கயிறுகளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகும் அந்த ஸ்விட்ச்போர்டு இல்லை. அந்தக் குரல்கள் கப்பலேறிப் போய்விட்டன. செவ்வாய்க்கிழமை லெப்டினன்டின் மனைவி காய்ச்சலைத் தாண்டினாளா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. எல்லம்மாவை எங்கே போய்த் தேடுவது? அந்த நோட்டும் இல்லை. இன்று என் மகளுக்கு அச்சடித்த பட்டியல் இருக்கிறது. அதில் 'லுக் ஆஃப்டர்' என்று இருக்கிறது, இளகும் குரல் இல்லை. அவள் அந்தக் குரலைத் தேடித்தான் எழுதியிருக்கிறாள். நானோ பிடுங்கிவிட்டேன்.

அன்று ஆறே முக்காலுக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. என்னை உள்ளே கூப்பிட்டார்கள். வந்து நின்றவர் என் தோளுக்குத்தான் இருந்தார். மூக்குக் கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்தார். வாயைத் திறந்ததும்தான், அந்த இடிக்குரல் இவருடையது என்று நம்பினேன்.

நோட்டை வாங்கி விளக்கடியில் பிடித்துப் படித்தார். கேப்டன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இது என் பூட்ஸ்" என்றார். "போன மாதம் போனது. பாதிப் பெட்டிகளில் வெறும் இடது கால். எதிரிக்குத் தெரிந்தால் வயிறு வலிக்கச் சிரிப்பான், அவ்வளவுதான். இந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்புங்கள்."

கேப்டன் பேனாவை மூடினார். என் பெயரும் சித்தியின் ஊரும் எழுதியிருந்த தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

குவார்ட்டர்மாஸ்டர் மட்டும் நோட்டைக் கீழே வைக்கவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனார். கடைசிப் பக்கம் வந்தது. திரும்ப முதலிலிருந்து புரட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, டெலிபோனில் நான் ஒரு நாளும் கேட்டிராத தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டார்:

"நான் சொன்ன 'ப்ளீஸ்' எல்லாம் நீ எழுதாமல் விட்டுவிட்டாயா, அல்லது நான் சொல்லவே இல்லையா?"