வராந்தாவில் நடந்த வரைபடம்

செவ்வாய்க்கிழமை காலை, பிரேயர் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஆசிரியர்களின் வாட்ஸாப் குழுவில் செய்தி வந்தது. லூர்து மேரி டீச்சர் போய்விட்டார். அதற்கு மேலேயே ஒன்பதாம் வகுப்பு ஸ்லிப் டெஸ்ட் அட்டவணை கிடந்தது. கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. நானும் ஒன்றைப் போட்டுவிட்டு முதல் பீரியட் எடுக்கப் போனேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

எர்ணாவூரில் எங்கள் பள்ளியில் அவர் அறிவியல், நான் கணக்கு. பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்து வகுப்பு. அவரிடம் படித்த உங்களுக்கு அந்த வராந்தா நினைவிருக்கும். தொலைவு–காலம் வரைபடத்தை அவர் கரும்பலகையில் ஆரம்பித்ததே இல்லை. ராயபுரத்தில் அச்சகம் வைத்திருக்கும் தம்பியிடம் வாங்கிய காகிதச் சுருளை வரிசையாகப் போட்ட பெஞ்சுகளின் மேல் விரிப்பார். ஒரு பிள்ளை சுவரிலிருந்து நடக்கும். இன்னொன்று காகிதத்தை ஒரே சீராக இழுக்கும். நடப்பவர் விலக விலக, மூன்றாவது பிள்ளை ஸ்கெட்ச் பேனாவைக் காகிதத்தின் அடி ஓரத்திலிருந்து மேலே நகர்த்தும். கோடு ஏறிக்கொண்டே போகும்.

சத்தம் பொறுக்காமல் ஒருநாள் சண்டைக்குப் போனேன். என்னையே பிடித்து நடக்கவிட்டார். பாதியில் நின்று மூச்சு வாங்கினேன், கோடு படுத்துவிட்டது. சார் நின்றாலும் காகிதம் நிற்கவில்லை பாருங்கள் என்று பிள்ளைகளிடம் காட்டினார். ஸ்டாஃப் ரூமில் டீ வந்தால் மட்டும் சார் கோடு நன்றாக ஏறும் என்று வேறு சொன்னார். முறைத்துக்கொண்டு போனவன் சிரித்துக்கொண்டு திரும்பினேன்.

நெட்டுக்குப்பத்திலிருந்து வந்த தேவியை மறக்க முடியாது. அப்பா கடலுக்குப் போய்க் கரை திரும்பியதை அவள் வரைபடமாகப் போட்டாள். போன கோடு வலப்பக்கம் ஏறியது; வந்த கோடு வளைந்து, புறப்பட்ட புள்ளிக்கே திரும்பியிருந்தது. நான் என்றால் சிவப்பு மையில் அடித்திருப்பேன். டீச்சர் ஏன் என்று கேட்டார்.

“நைனா கரைக்கு வந்துட்டாருல்ல டீச்சர். கோடு மட்டும் இன்னாத்துக்கு அப்டியே போய்க்கினே இருக்கணும்?”

டீச்சர் அவளைச் சுவரிலிருந்து போய்வரச் சொன்னார். திரும்பிச் சுவரைத் தொட்டபோது பேனாவும் அடிக்கு இறங்கியிருந்தது. ஆனால் ஆரம்பப் புள்ளி காகிதத்தோடு நான்கு பெஞ்சு தள்ளிப் போய்விட்டிருந்தது. தேவி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உங்க நைனா வூட்டுக்குத் திரும்பலாம். கிளம்பின நேரத்துக்குத் திரும்ப முடியாது, கண்ணு,” என்றார் டீச்சர்.

இந்த வருஷம் புதிய நிர்வாகம் வந்தது. ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடம், தினமும் டெஸ்ட். வராந்தாவில் யாரும் நிற்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. டீச்சர் வாதாடிப் பார்த்தார். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு என்னிடம் வந்து, வெள்ளிக்கிழமை கடைசி பீரியடைக் கொடுங்கள் சார், மேசைகளை ஒதுக்கிவிட்டு வகுப்புக்குள்ளேயே செய்துகொள்கிறேன் என்றார். அரையாண்டு முடியட்டும் டீச்சர் என்றேன். என் வகுப்பின் தேர்ச்சிதான் எனக்குப் பெரிதாக இருந்தது. சரி சார் என்று போனார். அடுத்த வாரம் மருத்துவ விடுப்பு. திரும்பி வரவே இல்லை.

அடக்கம் முடிந்த வாரம், அதே பீரியடில் மேசைகளை நானே ஒதுக்கினேன். யார் நடக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் என் டெஸ்ட் என்பதால் எல்லோரும் நோட்டை மடியில் திறந்து, மார்ஜின் போட்டு, தேதி எழுதி உட்கார்ந்திருந்தார்கள். “இது பரீட்சைக்கு வருமா சார்?” என்று முதல் பெஞ்சில் ஒரு பெண் கேட்டாள். அவர்களை அப்படிப் பழக்கியவன் நான்தான். மேசைகளைப் பழையபடி இழுத்துப் போடச் சொன்னேன்.

காகிதச் சுருள்களை அவர் தம்பி வந்து எடுத்துப் போய்விட்டார். டீச்சர் கேட்டு நான் கொடுக்காத அந்த ஒரு பீரியட்தான் என்னிடம் இருக்கிறது. வாராவாரம் வருகிறது. அதில் டெஸ்ட் வைத்துக்கொண்டிருக்கிறேன்.