ஸ்கைலாப் விழுந்த வருசம் அறுக்காத கோழி

இண்டைக்கு மருதமுனையில கடைக்காரத் தம்பி பயந்துபோய்ச் சொல்றார்: "ராத்தா, பழைய ரொக்கெட் ஒண்டு விழப்போகுதாம்."

எனக்குச் சிரிப்பு வந்திச்சு.

எழுபத்தொன்பதில, ஸ்கைலாப் எண்ட விண்வெளி நிலையம் எங்கட தலையிலதான் விழும் எண்டு ஊரே நம்பிச்சு. சாகுறதுக்கு முன்ன திண்டுடுவம் எண்டு ஊடு ஊடாக் கோழி அறுத்தாங்க.

கோழி அறுத்துக்குடுக்கக் கத்தியோட வாசலுக்கு வந்த லெப்பைக்கிட்டச் சொன்னன்: "என்ட கோழி அடை கிடக்கு. வானம் விழுந்தாலும் எழும்பாது. நானும் தரமாட்டன்."

உம்மா ஏசினா. "நாளைக்கு நாமளே இருக்கமாட்டம், உனக்கு என்னத்துக்குடி குஞ்சு?"

"இருந்தா?" எண்டன்.

ஸ்கைலாப் அவுஸ்திரேலியாவில போய் விழுந்திச்சு. என்ட கோழி குஞ்சு பொரிச்சிச்சு. கோழிக்கறி திண்ட தெருவே குஞ்சு கேட்டு வாசல்ல நிண்டிச்சு. முன்னுக்கு நிண்டது உம்மா.

இப்பவும் என்ட ஊட்டுல ஒரு கோழி அடை கிடக்கு. யாராவது அந்த ரொக்கெட்டுக்குச் சொல்லிடுங்க.