போஸ்டர் பெட்டிக்கு ஒரு ஊடு

கச்சேரிப் போஸ்டர் சேர்க்கிறதும் ஒரு தொழிலா எண்டு எங்கட ஊரில கேப்பாங்க. ஒரு தொழிலில உள்ள அலைச்சல், அவமானம், முதுகுவலி எல்லாம் இதிலயும் இரிக்கி, வருமானம் ஒண்டுதான் இல்ல. முத்திரை சேர்க்கிறவனை மரியாதையாப் பார்ப்பாங்க. சுவரில ஒட்டின கடதாசியை உரிச்சிக்கொண்டு போறவனை மேலயும் கீழயும் பார்ப்பாங்க. உங்களில ஆருக்காவது இந்த நோய் இருந்தா நான் சொல்றது விளங்கும். மற்ற ஆக்கள் சிரிச்சிட்டுப் போங்க, எனக்கு அது பழகிப்போச்சு.

நான் மருதமுனையான். கலியாணம் முடிச்சது சாய்ந்தமருதில. சைக்கிளில ஆம்புளயள் உடுத்துற சாரன் கட்டு ஏத்திக்கொண்டு தம்பிலுவில் வரைக்கும் போய் விக்கிறது என்ட பிழைப்பு. கல்லோயாவில அணை கட்டின காலம் அது. ஆக்கள் கையில காசு புழங்கினதால ராட்டினம், கூடாரத்தோட கானிவேல் வந்திச்சு, பாட்டுக் கச்சேரி வந்திச்சு, அதுகளுக்கு முன்னால போஸ்டர் வந்திச்சு. கச்சேரிக்குப் போக எனக்கு நேரம் கிடைக்காது. போஸ்டரைப் பார்த்தே பாட்டுக் கேட்ட மாதிரி ஒரு சந்தோசம். பைத்தியம் எண்டு சொல்லுங்க, கோவிக்க மாட்டன்.

ஆடு

முதல் போஸ்டர் நிந்தவூரில ஒரு கடைச் சுவரில கண்டது. ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால மூணு பேர், பச்சை எழுத்து. நான் சைக்கிளை நிப்பாட்டுறதுக்குள்ள ஒரு ஆடு கீழ்ப்பக்கத்தில கடிக்கத் தொடங்கிட்டுது. மாப்பசை ருசி அதுக்கு. நான் மேல்பக்கத்தைப் புடிச்சி இழுத்தன், ஆடு கீழ்ப்பக்கத்தை இழுத்திச்சு. மூணு பாட்டுக்காரரும் எனக்கு வந்தாங்க. கச்சேரி எங்க, எண்டைக்கு எண்ட விசயமெல்லாம் ஆட்டுட வயித்துக்குள்ள போச்சு.

ஆட்டுக்காரப் பொம்புள ஓடிவந்தா. எனக்கு ஏசப் போறா எண்டு நினைச்சன். என்ட கையில இருந்த பாதிக் கடதாசியைப் பார்த்துப்போட்டுப் பாவப்பட்டு, அண்ணன் முறையில காக்கா எண்டு கூப்பிட்டுக் கேட்டா.

"ஆடு பசிச்சுப் புடுங்குது காக்கா. ஒங்களுக்கு என்ன, ஊட்டுல சோறு ஆக்கல்லயா?"

நனையாத ஒண்டு

உரிச்செடுக்கிற போஸ்டர் ஒருநாளும் முழுசா வராது. பசைக்கு முன்னால புடிக்கணும். அதுக்காகத்தான் தம்பிலுவில் சீனித்தம்பி அண்ணனோட பழகினன். போஸ்டர் ஒட்டுறது அவருட தொழில். ஒவ்வொரு கச்சேரிக்கும் எனக்கு ஒண்டு ஒளிச்சு வெப்பார்.

ஒருமுறை மாரி மழை முந்திட்டுது. கானிவேல் கூடாரம் தண்ணிக்குள்ள நிண்டிச்சு, கச்சேரியும் இல்ல, ஒட்டாத போஸ்டர் கட்டும் நனைஞ்சு கூழாப்போச்சு. சாக்குக்கு அடியில இருந்த ஒண்டு மட்டும் தப்பியிருந்திச்சு. அதை விரிச்சுக் காட்டினார். வாயைத் திறந்து பாடுற ஒரு பொம்புளட முகம். ஒரு ஓரத்தில மஞ்சள், மற்ற ஓரத்தில சிவப்பு, நடுவில அவட கன்னத்தில வந்து ரெண்டும் ஒண்டுக்குள்ள ஒண்டு கரைஞ்சு ஓடுது. அச்சு உருளைக்கு ஒரு பக்கம் ஒரு மை, மறுபக்கம் வேற மை போடுவாங்களாம். உருள உருள நடுவில கலந்து, ஒரு போஸ்டர் மாதிரி மற்றது வராதாம். எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. பச்சைக் கோடு போட்ட ஒரு நல்ல சாரனை எடுத்து அவருட தோளில போட்டன்.

சீனித்தம்பி அண்ணன் சாரனைத் தடவிப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"ஊரே கச்சேரி நிண்டுபோச்சு எண்டு கவலைப்படுது. நீ ஒருத்தன்தான் தம்பி, நிண்டுபோனதுக்குச் சாரன் குடுக்கிறவன்."

மாமி கோழியோட கதைச்சது

எங்கட பகுதியில ஆம்புள கலியாணம் முடிச்சா பொஞ்சாதிட ஊட்டுக்குத்தான் போகணும். ஊடு பொம்புளப் புள்ளைக்குக் குடுக்கிற சீதனம். சுவர் அவங்கட, கூரை அவங்கட, சுவரில அடிச்சிருக்கிற ஆணியும் அவங்கட. அந்த ஆணியிலதான் நான் மஞ்சள் சிவப்புப் பாட்டுக்காரியைத் தொங்கவிட்டன்.

எங்கட மாமி மருமகனோட நேருக்கு நேர் கதைக்க மாட்டா. சொல்ல வேண்டியதைச் சுபைதாட்ட, அதான் என்ட பொஞ்சாதிட்ட, சொல்லுவா. அவ இல்லாட்டி வாசலில நிக்கிற கோழிட்டச் சொல்லுவா. அண்டைக்குச் சுபைதா கிணத்தடியில நிண்டா. மாமி அரிசிக் குறுணியை எறிஞ்சு கோழியைக் கூப்பிட்டா. ஆனா சத்தம் என்ட அறைக்குள்ள கேக்கிற அளவுக்கு இருந்திச்சு.

"கேக்குதா கோழி, உருவப்படம் தொங்குற ஊட்டுக்கு வானத்து மலக்குமார் வரமாட்டாங்களாம், மலக்கு வராத ஊட்டுல முட்டை போட்டு உனக்கு என்ன பரக்கத்து வரப்போகுது?"

ராத்தாட ஊடு

போஸ்டரெல்லாத்தையும் ஒரு தகரப் பெட்டிக்குள்ள போட்டன். பெட்டிக்குள்ள இருந்தாலும் படம் படம்தானே எண்டு மாமி கோழிட்டச் சொல்லிட்டா. நான் பெட்டியை சைக்கிளில கட்டிக்கொண்டு மருதமுனைக்குப் போனன். நான் பிறந்த ஊடு. என்ட உம்மா அதை மூத்த மகள், என்ட ராத்தாவுக்குச் சீதனமாக் குடுத்திட்டா, அது நியாயம்தான், அதில எனக்குக் கோவம் இல்ல. எண்டாலும் வாசலில பெட்டியோட நிண்டநேரம் நெஞ்சு எரிஞ்சிச்சு. பிறந்த ஊடும் எனக்கில்ல, படுக்கிற ஊடும் எனக்கில்ல, உலகத்தில என்ட எண்டு சொல்ல இந்தத் தகரப் பெட்டி ஒண்டுதான். அதை வைக்க ஒரு மூலை தேடி நான் அலையிறன்.

ராத்தா பெட்டியைத் திறந்து பார்த்திட்டு மூடினா.

"நீ வா, நாலு நாளைக்கு நில்லு, சோறு தின்னு. பெட்டி வேணாம் தம்பி, கொமர் இரிக்கிற ஊடு, மாப்புள பேச வாறவங்க இதைக் கண்டா நான் என்ன சொல்ற?"

சீனி நனையல்ல

கல்முனையில காசிம் எனக்குக் கூட்டாளி. தேத்தண்ணிக் கடை வெச்சிருந்தான். கடைக்கு உள்ளுக்கு ஒரு பரண் இரிக்கி, கொண்டு வா எண்டான். அல்லாஹ்வே, மனிசன் எண்டா இவன்தான் எண்டு நினைச்சன். ரெண்டு மாசம் நிம்மதி. சாரன் வித்துப்போட்டு வாற வழியில பரணில ஏறி, பெட்டியைத் திறந்து, பாட்டுக்காரியைப் பார்த்திட்டு இறங்குவன்.

அடைமழைக்குப் பிறகு ஒருநாள் போறன், ஆர்மோனியக்காரர் மூணு பேரும் கூரை ஓட்டுக்குக் கீழ ஒட்டியிருக்காங்க. ஆடு தின்னாம நான் புடுங்கி எடுத்த போஸ்டர். அதுக்குப் பக்கத்தில வேற மூணு. எல்லாம் ஊறித் தொங்குது.

"கோவிக்காத மச்சான், ஒழுகின இடத்துக்கு ஒன்ட ஆக்களைத்தான் வெச்சன், அவங்க நனைஞ்சாங்க, சீனி மூடை நனையல்ல."

கொழும்பு மனுசன்

காசிமோட சண்டை புடிச்சு, பெட்டியை இறக்கித் திறந்து எண்ணிக்கொண்டு நிக்கிறன், கடையில தேத்தண்ணி குடிச்ச ஒரு கொழும்பு மனுசன் எட்டிப் பார்த்தார். அணை வேலைக்கு வந்தவர், சப்பாத்தும் தொப்பியும். மஞ்சள் சிவப்புப் போஸ்டரைக் கண்டதும் தொப்பியைக் கழட்டினார். அதைப் பார்த்துத் தொப்பி கழட்டின முதல் ஆள் அவர்தான். விலைக்குக் கேட்டார். மாட்டன் எண்டன். கூட்டிக் கேட்டார். மாட்டன் எண்டன். காசிம் பின்னால நிண்டு என்ட சாரனை இழுக்கிறான், குடுத்துத் தொலையன் எண்டு.

அவர் கோவிக்கல்ல. போஸ்டரை அவரே மெல்லமாச் சுருட்டி என்ட கையில தந்தார்.

"சரி, விக்க வேணாம். ஆனா இதைத் தொங்கவிட உங்ககிட்ட ஒரு சுவர் இருக்கா?"

கத்தரிக்கோல்

அண்டைக்கு ஊட்ட போய் சுபைதாட்ட எல்லாம் சொன்னன். சொல்லேக்க அழுதிட்டன், மறைக்க என்ன இரிக்கி. பெட்டியைக் கோழிக் கூட்டுக்குப் பக்கத்தில வெச்சு, சாக்கு ஒண்டால மூடிப்போட்டு, விடியத் தம்பிலுவிலுக்குப் போயிட்டன்.

மூணு நாள் கழிச்சு வந்தா, சுபைதா வாசலில சிரிச்சுக்கொண்டு நிக்கிறா. கையில தேத்தண்ணி. உள்ளுக்கு வாங்க மச்சான் எண்டா. பெட்டி எங்கட அறைக்குள்ள, கட்டிலுக்குப் பக்கத்தில இரிக்கி. துடைச்சு, பூச்சி உருண்டை போட்டு, மேல மாமிட புதுப் பன்பாய் விரிச்சு. சுபைதா பள்ளிவாசல் லெப்பைட்டப் போய்க் கேட்டிருக்கா. முகம் இல்லாட்டி அது உருவம் இல்ல, ஊட்டுக்குள்ள வைக்கலாம் எண்டு அவர் சொல்லியிருக்கார். மாமியும் சம்மதிச்சிட்டாவாம்.

பெட்டியைத் திறந்தன். முப்பத்தொரு போஸ்டர். எல்லாத்திலயும் வட்ட வட்டமா ஓட்டை. மஞ்சள் ஒரு ஓரத்தில இருந்து வருது, சிவப்பு மற்ற ஓரத்தில இருந்து வருது, ரெண்டும் கலக்கிற இடத்தில ஒண்டும் இல்ல. அதுக்குள்ளால என்ட கை தெரிஞ்சிச்சு. கத்தவேணும் போல இருந்திச்சு. சுபைதாட பெருவிரலைப் பார்த்தன், கத்தரிக்கோல் புடிச்சுப் புடிச்சுக் கொப்புளம் போட்டிருக்கு. கோணாம வெட்டியிரிக்கன் பாருங்க எண்டா. ஓம் புள்ள, வடிவா இரிக்கி எண்டன். தேத்தண்ணியில ஒரு வாய் குடிச்சிட்டு, வெட்டின முகமெல்லாம் எங்க எண்டு கேட்டன்.

"அடுப்புல போட்டன் மச்சான், அந்த நெருப்புலதான் இந்தத் தேத்தண்ணி கொதிச்சது, ஆற முன்னம் குடிங்க."

இப்ப என்ட முப்பத்தொரு கச்சேரிக்கும் ஊட்டுக்குள்ள இடம் இரிக்கி, மலக்குமாரும் தாராளமா வரலாம், பாடத்தான் ஆளில்ல.