உரிமையாளர் இடத்தில் ஓர் எண்

என் தம்பி தாராவியில் திருமணத் தகவல் மையம் நடத்தினான். கீழே நாங்கள் குடியிருந்த அறை. இரும்பு ஏணியில் ஏறினால் மேலே மையம். எனக்குத் திருமணம் ஆகவில்லை, படிப்பும் பத்தாவதோடு நின்றுவிட்டது. வருகிறவர்களிடம் பேசக் கூச்சமாக இருக்கும் என்பதால், வரன்களின் விவரங்களைத் தட்டச்சு செய்யும் வேலையை எடுத்துக்கொண்டேன். மாட்டுங்கா, பாண்டுப் என்று எங்கெங்கிருந்தோ வந்த நட்சத்திரங்களும் சம்பளங்களும் என் விரல் வழியாகத்தான் கணினிக்குள் போயின. அவற்றைச் சேர்த்துவைத்து, கேட்டதும் எடுத்துத் தரும் டேட்டாபேஸ் சர்வரைத் தம்பியே அமைத்திருந்தான்.

அவன் இறந்த பிறகு வந்த மழையில் கூரை ஒழுகி அந்தக் கணினியும் போயிற்று. டிஸ்க் மட்டும் பிழைத்தது.

தம்பி மனைவி என்னிடம் எதையும் ஒளிக்கவில்லை. செம்பூரில் இதே தொழில் செய்கிறவர்கள் மையத்தை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். ஆனால் விவரங்கள் ஓடுகிற நிலையில் வேண்டும் என்றார்கள். அதைக் கொடுத்துவிட்டு மகளோடு சான்பாடாவில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னாள். அங்கே எனக்கு இடமில்லை என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சர்வர் ஓடினால் அவளும் மகளும் போய்விடுவார்கள். அதை ஓடவைக்க வீட்டில் என்னை விட்டால் ஆள் இல்லை. தம்பி செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் என்பதுதான் என் தகுதி.

பழைய கணினி ஒன்றை வாங்கி டிஸ்கைப் பொருத்தினோம். சர்வர் மென்பொருளைப் புதிதாகப் போட்டு, தம்பியின் கோப்புறையைக் காட்டி ஓடச் சொன்னேன். 'பெர்மிஷன் டினைடு', அனுமதி இல்லை என்று நின்றுவிட்டது.

கோப்புறை யாருடையது என்று பார்த்தேன். தம்பி எல்லாவற்றையும் தன் பெயரிலேயே அமைத்திருந்தான். மழையில் போன கணினியில் உரிமையாளர் இடத்தில் அவன் பெயர் இருக்கும். இப்போது அங்கே ஓர் எண் இருந்தது. இந்தக் கணினிக்கு அவனைத் தெரியாது. டிஸ்கில் பதிந்திருந்த அவனுடைய எண்ணை மட்டும் காட்டியது.

"அவுக பேரு எங்க மதினி?" என்று பக்கத்தில் இருந்த தம்பி மனைவி கேட்டாள்.

அதே எண்ணில் அவனுக்கு இந்தக் கணினியில் ஒரு கணக்கு தொடங்கினால் பெயர் வரும் என்றேன். அவள் ஒருநாளும் கணவன் பெயரை வாயால் சொன்னதில்லை. எங்கள் வீடுகளில் அப்படித்தான். பெயரை அவளே போடட்டும் என்று கீபோர்டை நகர்த்திக் கொடுத்தேன். ஒவ்வோர் எழுத்தாக அழுத்தினாள். மறுபடி பார்த்தபோது கோப்புப் பட்டியலின் எல்லா வரியிலும் அவன் பெயர் இருந்தது.

ஆனால் சர்வர் ஓடவில்லை. புதிய சர்வர் தனக்கென்று உள்ள கணக்கில்தான் ஓடும். அந்தக் கணக்குக்குத் தம்பியின் கோப்புறைக்குள் போக அனுமதி இல்லை. எங்கள் சந்தில் பகலில் யாரும் கதவடைப்பதில்லை. நாங்கள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி உள்ளே வந்து எங்கள் குடத்திலும் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் போவாள். அந்தப் பழக்கமோ என்னவோ, யார் வேண்டுமானாலும் வரலாம், எழுதலாம் என்று கோப்புறையைத் திறந்துவிட்டேன். அப்போதும் மறுத்தது.

"கதவத் தெறந்து போட்டாலும் வரமாட்டேங்குதே. அவுகள மாதிரியே ரோசம்" என்றாள். அவன் போன பிறகு அவள் அவனைக் கேலி செய்து அன்றுதான் கேட்டேன்.

திரையில் வந்ததைக் கைப்பேசியில் தமிழாக்கிப் படித்தோம். கோப்புறை யாருடையதோ அவர்தான் சர்வரை ஓட்ட வேண்டும் என்றிருந்தது. அப்படியென்றால் வழி இரண்டு. தம்பியின் கணக்கில் நுழைந்து அவன் பெயரிலேயே ஓட்டலாம். இல்லையென்றால் எல்லாவற்றையும் சர்வரின் கணக்குக்கு மாற்ற வேண்டும். அவளிடம் இரண்டையும் சொன்னேன். முதலாவதைக் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னேன்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுக பேர்ல அங்க செம்பூர்ல யாரு மதினி ஓட்டுவா? மாத்திருங்க."

மாற்றினேன். வரிக்கு வரி அவன் பெயர் போயிற்று. அதற்குப் பிறகும் சர்வர் ஒரு குறை சொன்னது. கோப்புறை எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது, அப்படி இருக்கக் கூடாது என்றது. நான் திறந்துவிட்டதை நானே அடைத்தேன். ஓடியது.

"எல்லாம் இருக்கா?"

"இருக்கு."

அவள் கீழே இறங்கிப்போய் உலை வைத்தாள்.

செம்பூர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுக் கணினியை எடுத்துப்போனார்கள். பள்ளி விடுமுறை விட்டதும் அவளும் மகளும் கிளம்பினார்கள். ரயில் நிலையம் வரை போய்விட்டு வந்தேன். வீட்டுக்குள் பக்கத்து வீட்டுக்காரி வழக்கம்போல நாலு பேருக்குப் போதுமான அளவு தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள்.

தம்பி பெயரில் தொடங்கிய கணக்கை நான் அழிக்கவில்லை. இப்போது அதற்குச் சொந்தமாக ஒரு கோப்புகூட இல்லை. செம்பூரில் யாராவது கவனித்து அழித்திருப்பார்கள். அழிக்காமலும் விட்டிருக்கலாம்.