முனியாண்டி மரத்தடியில் லாரியை நிறுத்தியது

என் மருமகன் சிங்கப்பூருக்குக் கார் ஓட்டிப் போய், மஞ்சள் கோட்டின் மேல் நிறுத்திச் சம்மன் வாங்கி வந்தார். அன்றிலிருந்து வீட்டில் அதே புலம்பல். எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது என்று அந்த ஊரில் பலகை நட்டிருக்கிறான். படித்துவிட்டு நிறுத்த வேண்டியதுதானே? இந்த வயதில் பேசவே அலுப்பாக இருக்கிறது.

ஜப்பான்காரன் இந்த நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் லிங்கிப் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில் நான் லாரி டிரைவர். பெட்ரோலுக்கு எங்கே போவது? பின்னால் கரி அடுப்பைக் கட்டி, அந்தப் புகையில் ஓட்டுவோம். மரவள்ளிக்கிழங்கை ஏற்றிப் போய்ச் சிரம்பானில் இறக்கிவிட்டு வர வேண்டும். என் தம்பிதான் கரி அள்ளிப் போடுகிற ஆள். சயாமில் ரயில் பாதை போட எஸ்டேட்டுகளில் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போனவன் எவனும் எங்கள் லயத்து வீடுகளுக்குத் திரும்பியிருக்கவில்லை.

"லாரி ஓடுற வரைக்கும் ஒங்க ரெண்டு பேரு மேலயும் கைவைக்க மாட்டாங்க" என்று, வேலையாட்களுக்குப் பொறுப்பாக இருந்த மண்டோர் சொல்லியிருந்தார். அந்த ஓட்டை லாரியை நம்பித்தான் நாங்கள் உயிரோடு இருந்தோம்.

வண்டி நிறுத்தும் சட்டத்தை அப்போது எவனும் எழுதிவைக்கவில்லை. கன்னத்தில் வாங்கித்தான் கற்றுக்கொள்ள வேண்டும். சிரம்பான் தெமியாங்கில் ஜப்பான் காவல்காரனைக் கண்டதும் லாரியை ஓரங்கட்டி, இறங்கிக் குனிய வேண்டும். அவன் போய் இன்னொருவன் வந்தால், ஏன் இங்கே நிறுத்தினாய் என்று அதற்கே அறைவான். இதற்கு வெள்ளைக்காரன் போட்ட அபராதமே தேவலை என்றிருந்தது.

எங்கள் எஸ்டேட் பாதை பெரிய சாலையில் சேருமிடத்தில் ஒரு மரம். அடியில் முனியாண்டி, ஒரு கல்லும் சூலமும்தான். சாலைக்கு அந்தப் பக்கம், மரத்துக்கு நேர் எதிரே, காவல் சாவடி போட்டார்கள். சிவப்புத் துணி கட்டிய இரண்டு கம்பங்களை நட்டு, இடையில் வண்டி எதுவும் நிற்கக் கூடாது என்று சைகையில் காட்டினார்கள். மரம் நடுவில் மாட்டிக்கொண்டது.

ஒருமுறை லாரி படுத்துவிட்டது. எப்படியோ சரிசெய்து கிளப்பினோம். பழுது பார்த்த வண்டி முதல் ஓட்டம் போகும்போது முனியாண்டிக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் எங்கள் டிரைவர் எவனும் போகமாட்டான். தம்பிக்கு அன்று கடுமையான காய்ச்சல். பாயில் படுத்தபடியே, "அண்ணே, முனியாண்டிக்குப் பழத்த மறந்துறாத" என்றான்.

மறக்கவில்லை. சட்டத்தையும் மறக்கவில்லை. கம்பத்துக்கு வெளியே தள்ளி லாரியை ஒழுங்காக நிறுத்தினேன். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து போய், பழத்தை வைத்துக் கும்பிட்டேன். சாமி முன்னால் நின்றால் கை தானாகக் கூடிவிடுகிறது. என் முதுகு எதிரே சாவடியில் நின்ற காவல்காரன் பக்கம் இருந்தது. அவனுக்குக் குனியாமல் ஒரு கல்லுக்குக் கும்பிடு போட்டுவிட்டேன் அல்லவா, அதுதான் குற்றம்.

அடி விழுந்தது. பிறகு லாரியைச் சுற்றிக் கிளப்புகிற இரும்பு ஹேண்டிலை எடுத்துவரச் சொல்லி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி வெயிலில் நிற்க வைத்தான். கை இறங்கினால் துப்பாக்கிக் கட்டையால் ஓர் இடி. காவல் மாறும்வரை நின்றேன். புதிதாக வந்தவன் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், போ என்று கையை ஆட்டினான். அதற்குள் கரி அணைந்திருந்தது. மூட்டிக் கிளப்பி, சிரம்பானுக்குப் போகாமல் லயத்துக்கே திருப்பினேன்.

தம்பியின் பாய் காலியாகக் கிடந்தது. மத்தியானம் சயாமுக்கு ஆள் ஏற்ற வந்திருக்கிறார்கள்.

மண்டோர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "லாரிய ஜப்பான்காரன் புடிச்சிட்டான்னு சைக்கிள்ல வந்தவன் சொன்னான், டிரைவர். லாரியே இல்லன்னா ஒங்க தம்பிய லாரி ஆளுன்னு எப்புடிக் காட்டுறது? நா என்னலா செய்ய?"

அவரை அடித்துக் கொன்றுவிடலாம் போல ஆத்திரம் வந்தது. கையைத் தூக்க முடியவில்லை.

தம்பி திரும்பி வரவில்லை. கொஞ்ச நாளில் சாவடியை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். கம்பங்களையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு அந்த மரத்தடியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் லாரியை நிறுத்தலாம், கேட்க ஆளில்லை. நான் நிறுத்தியதில்லை.